என் மகள் ஏன் கறுப்பே உடுத்துகிறாள்?

வாசகர் கேள்வி: எனக்கு 16 வயதில் ஒரு மகள் இருக்கிறாள். லண்டன் ஹரோவில் வசிக்கிறோம். ஏ லெவல் முதலாம் ஆண்டு படிக்கிறாள். ஒன்றரை வருடமாகத் தலையிலிருந்து கால்வரை கறுப்புத்தான்: கழுத்தை மூடும் நீளக்கைச் சட்டை, கணுக்கால் தொடும் பாவாடை. நகப்பூச்சும் கறுப்பு. கண் மையை நெற்றிப்பொட்டு வரை இழுத்திருக்கிறாள். கழுத்தில் மேலே வளையம் வைத்த ஒரு சிலுவை. கேட்டால் 'கோத்' என்கிறாள். இரவு பன்னிரண்டு மணிவரை என் தையல் மெஷினில் இருந்து எதையாவது தைக்கிறாள். என் பழைய ஊதாச் சேலையைக் கேட்காமலே வெட்டித் தன் சட்டைக்குக் கை வைத்துவிட்டாள். போன கிழமை அவளுடைய அப்பா, அவள் சனிக்கிழமை வேலைக் காசில் வாங்கிய மஞ்சள் நூல் தைத்த கறுப்புச் சப்பாத்தைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார். அன்றிலிருந்து எங்களோடு பேச்சில்லை. இப்படி உடுத்தும் பிள்ளைகள் தங்களைக் காயப்படுத்திக்கொள்வார்கள் என்று இணையத்தில் படித்தேன். இது மனநோயா? கூடாத கூட்டமா? அடுத்த மாதம் என் மச்சாளின் மகளுக்குச் சாமத்திய வீடு. இவளை எப்படி அங்கே கூட்டிப்போவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டிருப்பவை மூன்று கேள்விகள். கேட்காமல் விட்ட ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். அந்தச் சப்பாத்துக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?

குப்பை வண்டி வந்து போயிருந்தால், அதே மாதிரி ஒரு சோடியை அவளுடைய அப்பாவே வாங்கிக் கொடுக்க வேண்டும். பெட்டியைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போய்விடக் கூடாது. 'நான் அப்படிச் செய்திருக்கக் கூடாது' என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். மகளின் உடுப்பு தனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. அவள் சனிக்கிழமைகளில் கடையில் கால் கடுக்க நின்று உழைத்து வாங்கிய பொருளை எறிய உரிமை இல்லை. மஞ்சள் நூல் என்று நீங்கள் எழுதியிருப்பதால் அது பெரும்பாலும் டொக்டர் மார்ட்டின்ஸ் சப்பாத்தாக இருக்கும். 1960 ஏப்ரல் முதலாம் தேதி நோர்தாம்ப்டன்ஷயரில் செய்யத் தொடங்கியது. தபால்காரர்களும் தொழிற்சாலைத் தொழிலாளர்களும் போட்டுத் தேய்த்த வேலைச் சப்பாத்து. பேய்ச் சப்பாத்து என்று உங்கள் கணவர் நினைத்திருந்தால், தபால்காரர் கதையை அவருக்குச் சொல்லுங்கள். இந்த விஷயம் தீராமல் கீழே நான் எழுதியிருக்கிற எதையும் தொடங்க வேண்டாம். தொடங்கினாலும் அவள் காதில் ஏறாது.

இனிக் கூடாத கூட்டம் பற்றி. மேலே வளையம் வைத்த அந்தக் குறி சாத்தானுடையது அல்ல. பழைய எகிப்தியர் உயிரைக் குறிக்க எழுதிய எழுத்து அது, 'அங்க்' என்பார்கள். கோத் நகைகளில் பல காலமாக இருக்கிறது. நாளைக்கு மண்டையோடு பதித்த மோதிரம் ஒன்றும் வீட்டுக்கு வரலாம். பதறுவதற்கு முன் சாமியறைக்குள் ஒருமுறை போய்ப் பாருங்கள். காளியின் கழுத்தில் கிடக்கும் மாலை எதனால் கோத்தது? சிவன் ஆடுகிற இடம் எது? சாவின் அடையாளங்களைக் கும்பிட்டு வளர்ந்த நாங்கள், பிள்ளையின் விரலில் ஒரு மண்டையோட்டைக் கண்டு அலறுவது கொஞ்சம் வேடிக்கைதான்.

கோத் என்பது நேற்று இணையத்தில் முளைத்த பைத்தியமும் அல்ல. நீங்கள் குடியேறியிருக்கிற இந்த நாட்டிலேயே பிறந்து, நாற்பது ஆண்டுக்கு மேல் நின்று பிடித்த வழக்கம். 1970களின் இறுதியில் பங்க் இசையின் வேகம் தணிந்தபோது, அதன் சாம்பலிலிருந்து இருண்ட, மெதுவான ஓர் இசை எழுந்தது. கோத் அந்த இசையோடு வந்ததுதான். நோர்தாம்ப்டனைச் சேர்ந்த பௌஹவுஸ் குழுவின் முதல் இசைத்தட்டு 1979இல் வந்தது. சூசி சூ என்ற பாடகி கண்ணைச் சுற்றிப் பட்டையாக மை தீட்டிக்கொண்டு மேடையேறினார். 1982இல் லண்டன் சோஹோவில் 'பேட்கேவ்' என்ற இரவு விடுதி திறந்தது. அன்று அங்கே ஆடியவர்கள் இன்று ஓய்வூதிய வயதை எட்டிக்கொண்டிருக்கிறார்கள். யோர்க்ஷயர் கடற்கரை ஊரான விட்பியில் 1994இலிருந்து கோத்களுக்கென்றே ஒரு வார இறுதி விழா நடக்கிறது. போய்ப் பார்த்தால் நரைத்த தலைக்கு மேல் உயரத் தொப்பி வைத்த தாத்தாக்கள் வாங்கில் இருந்து ஐஸ்கிரீம் சாப்பிடுவதைக் காணலாம்.

கோத் உடுப்பில் வரும் லேஸ் பின்னலும், கழுத்துவரை மூடிய சட்டையும், கறுப்பு மணிகளும் எங்கிருந்து வந்தன தெரியுமா? பெரும்பகுதி விக்டோரியா காலத்துத் துக்க உடுப்பிலிருந்து. 1861இல் கணவர் ஆல்பர்ட் இறந்த நாளிலிருந்து 1901இல் தான் இறக்கும்வரை விக்டோரியா மகாராணி கறுப்பைக் கழற்றவில்லை. அவரைப் பார்த்து நாடே துக்கத்தை உடுத்தியது. விட்பிக் கரையில் கிடைக்கும் ஜெட் என்ற கறுப்பு மணிக்கல்லுக்கு அப்போது அப்படியொரு கிராக்கி. உண்மையில் அது கல்லே அல்ல. ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணுக்குள் போன மரம். கையில் எடுத்தால் பாரமே இருக்காது. உங்கள் மகள் கடை கடையாகத் தேடுவது அதையாகக்கூட இருக்கலாம்.

கறுப்பு அமங்கலம் என்பது உங்கள் வீட்டுப் பெரியவர்களின் வாதமாக இருக்கும். அதை நான் கேலி செய்ய மாட்டேன். நல்ல காரியத்துக்குக் கறுப்பு உடுத்துவதில்லை என்பது நம்மிடையே ஆழமாக ஊறியது. ஆனால் காரணத்தோடு கறுப்பை உடுத்தியவர்களும் நாம்தான். சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் உடுத்துகிறார்கள். தமிழ்நாட்டில் பெரியார் 1945இல் கருஞ்சட்டைப் படை அமைத்தார். கறுப்பு ஜூலையை நினைவுகூர இதே லண்டன் தெருக்களில் நம் ஆட்கள் கறுப்பு உடுத்தி நின்றிருக்கிறார்கள். உங்கள் அலுமாரியிலும் அப்படி ஒரு சட்டை மடித்து வைத்திருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். மகளுக்கும் ஒரு காரணம் இருக்கும். அது என்ன என்றுதான் யாரும் அவளிடம் மரியாதையாகக் கேட்கவில்லை.

நேரில் பார்க்காத ஒரு பிள்ளையின் காரணத்தை நான் இங்கிருந்து அடித்துச் சொல்ல முடியாது. என் ஆலோசனை அறையில் வந்து இருந்த இளையவர்கள் சொன்னவற்றை வைத்து, எங்கெங்கே தேடலாம் என்று சொல்கிறேன்.

மண்ணிற முகத்தோடு இங்கே வளர்கிற பிள்ளையை எப்படியும் யாராவது பார்ப்பார்கள். பஸ்ஸில், கடையில், வகுப்பில். அந்தப் பார்வை தோலின் மீது விழுவதா, தானே தேர்ந்தெடுத்த உடுப்பின் மீது விழுவதா என்று தீர்மானிப்பது சிலருக்குப் பெரிய விடுதலையாக இருக்கிறது. 'பார்க்கத்தானே போகிறீர்கள், நான் காட்டுவதைப் பாருங்கள்' என்கிற மனநிலை. வெளியிலிருந்து பார்த்தால் திமிர் போலத் தெரியும். உள்ளே பெரும்பாலும் கூச்ச சுபாவம்தான் இருக்கும்.

இன்னொன்றைக் கவனித்தீர்களா? கழுத்திலிருந்து மணிக்கட்டுவரை மூடிய சட்டை, கணுக்கால் தொடும் பாவாடை. வேறு தாய்மார் எனக்கு எழுதும் கடிதங்களில் முறைப்பாடு நேர் எதிராக இருக்கும். ஆண்பிள்ளைகளின் கண்ணுக்கு இனிமையாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பிலிருந்து விலகி நிற்கவே இந்த உடுப்பு என்று சில பெண்கள் சொல்வார்கள். பயமுறுத்துகிறது என்றால், அவர்களைப் பொறுத்தவரை அது வேலை செய்கிறது என்று பொருள்.

அடுத்தது நம் வீட்டுக்குள் நடப்பது. உங்கள் மகளின் நிறம் என்ன என்று நீங்கள் எழுதவில்லை. சற்றுக் கருமையான பெண்பிள்ளைக்கு நம் சொந்தக்காரர் சொல்லும் முதல் அறிவுரை என்னவென்று உங்களுக்கும் தெரியும்: 'நீ கறுப்பு, கறுப்புச் சட்டை போடாதே, எடுப்பாக இராது.' ஐந்து வயதிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்தவள் ஒருநாள் கறுப்பாகவே எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுக்கொண்டால், அது யாருக்குச் சொல்லும் பதில் என்று யோசியுங்கள். அவள் முகத்துக்கு வெள்ளைப் பூச்சுப் பூசுகிறாளா என்பதையும் கவனியுங்கள். வெளிறிய முகம்தான் கோத்துக்கு அழகு என்ற எண்ணம் அந்த வட்டத்திலும் உண்டு. அதை உதறிவிட்டுத் தம் நிறத்திலேயே நிற்கிற கருமைத் தோல் கோத்களும் உண்டு. பூசுகிறாள் என்றால் மெல்லப் பேச ஒரு விஷயம் இருக்கிறது. பூசவில்லை என்றால் அவள் நம்மில் பலரைவிட முன்னே போய்விட்டாள்.

இனி, உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த வரிக்கு வருகிறேன். இரவு பன்னிரண்டு மணிவரை தைக்கிறாள் என்பதை நீங்கள் குற்றப்பட்டியலில் எழுதியிருக்கிறீர்கள். சேலைத் துணியில் சட்டைக்குக் கை வைப்பது லேசான வேலையா? வழுக்கும் துணி, வெட்டிய ஓரம் தொட்டாலே பிரியும். தோள் வளைவில் சுருக்கு விழாமல் கையைப் பொருத்துவது பழகிய தையல்காரருக்கே பொறுமையைச் சோதிக்கும் இடம். ஊதாவைக் கறுப்போடு சேர்க்க வேண்டும் என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கடையில் வாங்கினால் விலை அதிகம் என்பதாலும், கடையில் இருப்பது போதாது என்பதாலும் தாமே வெட்டித் தைப்பது இந்த வட்டத்தின் பழைய பழக்கம். இந்தப் பிள்ளைக்கு உடுப்பு என்பது அணிவதைவிடச் செய்வதாகவே இருக்கலாம்.

அதற்காகக் கேட்காமல் சேலையை வெட்டியதை விழுங்கிக்கொள்ளச் சொல்லவில்லை. அது உங்கள் சேலை. சப்பாத்து விஷயத்தில் அப்பா செய்ததும் இதுவும் ஒரே வகைப் பிழைதான். இரண்டையும் ஒரே நாளில் பேசித் தீர்த்தால் கணக்குச் சமமாகும். அந்தச் சேலையை எப்போது, எதற்காக வாங்கினீர்கள் என்று அவளிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் அவளுக்குத் தெரிந்திருக்காது.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு எதைப் பார்த்தாலும் அதன் அடியில் ஒரு காயத்தைத் தேடும் பழக்கம். பல பிள்ளைகளிடம் காயம் எதுவும் இருப்பதில்லை. பாட்டுப் பிடித்தது, பாட்டுக்காரரின் உடுப்புப் பிடித்தது, கண்ணாடியில் பார்த்தபோது நன்றாக இருந்தது, அவ்வளவுதான். நீங்கள் பட்டுச் சேலையைத் தேர்ந்தெடுக்கும்போது யாரும் உங்கள் பிள்ளைப் பருவத்தைக் கிளறுவதில்லையே. ஆகவே 'ஏன் இப்படி உடுத்துகிறாய்' என்று கேட்க வேண்டாம். அந்தக் கேள்வியில் தீர்ப்பும் சேர்ந்தே ஒலிக்கும். கையில் இருக்கிற ஒன்றைக் கேளுங்கள். இந்தக் கையை எப்படிப் பொருத்தினாய்? இந்த மை அழியாமல் இருக்க என்ன செய்கிறாய்? கண் மையில் உங்கள் அம்மாவுக்குத் தெரிந்த கைப்பக்குவம் உங்களுக்கும் கொஞ்சம் தெரிந்திருக்கும். பேச்சு அங்கே தொடங்கினால், காரணம் தானாக வெளியே வரும். ஒரே நாளில் வராது.

இனி உங்களைத் தூங்கவிடாத கேள்வி. நீங்கள் இணையத்தில் படித்தது முழுப் பொய் அல்ல. 2015இல் 'லான்செட் சைக்கியாட்ரி' என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. பிரிஸ்டல் பகுதியில் பிறப்பிலிருந்தே கண்காணிக்கப்பட்டுவந்த பிள்ளைகளில் 3,694 பேரிடம், 15 வயதில் தங்களை எவ்வளவு தூரம் கோத்தாக உணர்கிறார்கள் என்று கேட்டார்கள். 18 வயதில் மனச்சோர்வையும் சுயகாயத்தையும் அளந்தார்கள். தங்களை மிக உறுதியாகக் கோத் என்று சொன்னவர்களில் 18 வீதத்தினருக்கு மனச்சோர்வு இருந்தது. அப்படிச் சொல்லாதவர்களில் 6 வீதம். சுயகாயம் முன்னவர்களில் 37 வீதம், பின்னவர்களில் 10 வீதம். இந்த எண்களை நான் மறைக்கப்போவதில்லை. தாய்க்குத் தெரிந்திருக்க வேண்டியவை.

ஆனால் உடுப்புத்தான் நோயைக் கொண்டுவந்தது என்று அந்த ஆய்வாளர்கள் சொல்லவில்லை. ஏற்கெனவே மனம் நொந்திருக்கும் பிள்ளைகளும், வகுப்பில் ஒதுக்கப்பட்ட பிள்ளைகளும் இப்படியொரு கூட்டத்தைத் தேடிப் போகக்கூடும். சோகத்தை மறைக்காமல் பேசலாம் என்கிற இடம் அவர்களை இழுக்கும். ஆஸ்பத்திரியில் நோயாளிகள் அதிகம் இருப்பதற்கு ஆஸ்பத்திரி காரணமா? அதே எண்களைத் திருப்பிப் பாருங்கள்: மிக உறுதியான கோத்களிலும் 100க்கு 82 பேருக்கு மனச்சோர்வு இருக்கவில்லை. சட்டையைப் பிடுங்குவதால் மனச்சோர்வு போகாது. அவளுக்குப் புரிந்தவர்கள் இருக்கிற ஓர் இடம் மட்டும் போய்விடும்.

எனவே கறுப்பைக் கவனிக்காமல் பிள்ளையைக் கவனியுங்கள். தூக்கம் எப்படி? சாப்பாடு? கூட்டாளிகளோடு பேசுகிறாளா? படிப்பில் திடீரென்று சரிவா? கடும் வெயிலிலும், வீட்டுக்குள்ளும்கூடக் கையை மறைக்கிறாளா? 'நான் இல்லாவிட்டால்' என்ற மாதிரிப் பேச்சு வருகிறதா? இப்போதைய மௌனத்தை இதில் சேர்க்காதீர்கள்; அது சப்பாத்துக் கோபம். இன்னொன்று பெற்றோருக்குத் தலைகீழாகத் தோன்றும். அந்தக் கண் மையைத் தீட்ட அரைமணி நேரமாவது பிடிக்கும், அதற்கு உடலில் ஒரு தெம்பு வேண்டும். மை தீட்டுவதை விட்டு, தையலை விட்டு, கிடைத்த பழைய சட்டையோடு நாள் முழுக்கப் படுத்திருக்கிறாள் என்றால், 'அப்பாடா, திருந்திவிட்டாள்' என்று மூச்சுவிட வேண்டாம். கவலைப்பட வேண்டியது அந்த நாளைத்தான்.

சந்தேகம் வந்தால் நேரடியாகவே கேளுங்கள்: உன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வருகிறதா, சாக வேண்டும் போல இருக்கிறதா? கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் திட்டாமல், அழாமல் கேட்டுவிட்டு, அன்றே குடும்ப வைத்தியருக்குப் போன் செய்யுங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்று பட்டால் 999. உங்களோடு பேச முடியாததைப் பேச அவளுக்கு சைல்ட்லைன் என்ற பிள்ளைகளுக்கான தொலைபேசி உதவிச் சேவை இருக்கிறது, 0800 1111, கட்டணம் இல்லை. இந்த எண்ணைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்தால் போதும், பிரசங்கம் வேண்டாம்.

நான் உண்மையாகவே கவலைப்படுவது தெருவைப் பற்றி. 2007 ஆகஸ்டில் லங்காஷயரின் பேக்கப் என்ற ஊரில், சோஃபி லங்காஸ்டர் என்ற 20 வயதுப் பெண்ணையும் அவருடைய காதலரையும் ஒரு பூங்காவில் இளைஞர் கும்பல் ஒன்று அடித்தது. அவர்கள் கோத்களாக உடுத்தியிருந்ததைத் தவிர வேறு காரணம் இல்லை. சோஃபி நினைவு திரும்பாமலே இறந்தார். அவருடைய தாய் சில்வியா அதன்பின் தன் வாழ்நாளெல்லாம் இதற்காகவே குரல் கொடுத்தார். 2013இல் கிரேட்டர் மான்செஸ்டர் பொலிஸ், இப்படி வேறுபட்டு உடுத்துவோர் மீதான தாக்குதல்களையும் வெறுப்புக் குற்றமாகப் பதியத் தொடங்கியது. இதைச் சொல்லி மகளைப் பயமுறுத்தி உடுப்பை மாற்ற வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். சோஃபியின் பெயர் அவளுக்கு உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். இரவில் தனியாக வராமல் கூட்டாளிகளோடு வருவது, தாமதமானால் எந்த நேரமும் அப்பா காரில் வந்து ஏற்றுவார், வழியில் ஒரு வார்த்தையும் கேட்கமாட்டார் என்ற உறுதி, யாராவது கத்தினாலோ துப்பினாலோ வீட்டில் சொல்லலாம் என்ற நம்பிக்கை, இவ்வளவும் போதும். 'நீ இப்படி உடுத்தினால் துப்பத்தானே செய்வார்கள்' என்று ஒருமுறை சொன்னீர்களானால் அடுத்தமுறை அவள் சொல்ல மாட்டாள்.

சாமத்திய வீட்டுக்கு வருவோம். அங்கே அவளுடைய விருப்பத்தை மட்டும் பார்க்க முடியாது. அது மச்சாளின் மகளுடைய நாள். கறுப்பு வேண்டாம் என்று கேட்பதில் தவறில்லை, கட்டளையாக இல்லாமல் காரணத்தோடு கேட்டால். அம்மம்மாவின் மனம் நோகும் என்பது போதுமான காரணம். பதினாறு வயதுக்கு அது விளங்கும். கறுப்பை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அவளிடமே விடுங்கள். கருஞ்சிவப்பு, கரும்பச்சை, அடர்ந்த ஊதா, இவற்றில் ஒரு சேலை. சட்டையை அவளே தைக்கட்டும், நீளக் கையும் லேஸ் பின்னலும் வைத்து. கண் மை இருக்கட்டும், நகை அவள் விருப்பம். வரவே மாட்டேன் என்றால் ஆரத்தி நேரத்துக்கு மட்டும் வந்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். மச்சாளுக்கு முன்கூட்டியே போன் செய்து நீங்களே சொல்லிவிடுவது நல்லது. மண்டபத்தில் அவர் வாயிலிருந்து முதல் வார்த்தை வருவதற்கு முன் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்படியும் மேசைக்கு மேசை கேட்பார்கள், என்ன பிள்ளை இப்படி என்று. 'சட்டை அவளே தைத்தது' என்று சொல்லுங்கள். அடுத்த கேள்வி பெரும்பாலும், தங்கள் மகளுக்கும் ஒன்று தைத்துத் தருவாளா என்பதாகத்தான் இருக்கும். அதற்கு நீங்கள் ஒப்புக்கொள்ளாதீர்கள். அவளிடமே கேட்கச் சொல்லுங்கள்.